பேட் ஒரு பக்கமாய்த் தேய்வதும் பெடல் பஞ்சாய் அமுங்குவதும்

நமது சங்க உறுப்பினர்களில் சொந்தமாக ஒரு லோடு வண்டி வைத்திராதவர்கள் இன்று குறைவு. மண்டியிலிருந்து மூட்டை எடுத்து வரவும், கடை கடையாகச் சரக்குப் போடவும் ஒரு காலத்தில் மாட்டு வண்டியையும் வாடகை வேனையும் நம்பியிருந்தோம். 2005-ஆம் ஆண்டு டாடா ஏஸ் வந்தது. மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பின்னாலேயே வேறு கம்பெனிகளின் பிக்கப் வண்டிகளும் வந்து சேர்ந்தன. அப்போதும் அதற்கடுத்த சில ஆண்டுகளிலும் வாங்கிய வண்டிகளில் பல, 10 வயதையும் 12 வயதையும் தாண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. தவணை கட்டி முடித்தாயிற்று. டீசலும் டிரைவர் சம்பளமும் போக மிஞ்சுவதெல்லாம் லாபம் என்று நாம் கணக்குப் போடும் பருவம் அது. பிரேக் தொல்லை தலைகாட்டும் பருவமும் அதுதான்.

தொல்லை பெரும்பாலும் இரண்டு விதமாக வருகிறது. "அண்ணாச்சி, பெடல் பஞ்சு மாதிரி அமுங்குது, ரெண்டு தடவை மிதிச்சாத்தான் பிடிக்குது" என்று டிரைவர் சொல்வார். அல்லது, பேட் மாற்றி மூன்று மாதம் ஆகவில்லை, அதற்குள் முன் சக்கரம் ஒன்றில் இரும்பு உரசும் சத்தம் கேட்கும். கழற்றிப் பார்த்தால் ஒரு பேட் தகடு வரை தேய்ந்திருக்கும். அதற்கு எதிரே உள்ள பேட் பாதிகூடத் தேயாமல் இருக்கும். வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுகிறோம். புதுப் பேட் போட்டு, 'ஏர்' எடுத்து, பில்லைக் கொடுக்கிறார்கள். ஒரு மாதம் நன்றாக இருக்கிறது. பிறகு பழைய கதைதான்.

இந்த இரண்டும் தனித்தனி வியாதிகள் என்றே நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பழைய வண்டிகளில் இவை அநேகமாக ஒரே வியாதியின் இரண்டு அடையாளங்கள். பேட்டை மாற்றுவதும் ஏர் எடுப்பதும் காய்ச்சலுக்கு மாத்திரை போடுவது போன்றவை. காய்ச்சலுக்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க நாம் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. எதைக் கேட்க வேண்டும், எதைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும். அதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில், பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிஸ்டன் பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் குழாய்கள் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் போகிறது. நாம் பேசும் வண்டிகளில் பொதுவாக முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பின் சக்கரத்தில் வீல் சிலிண்டர் இரண்டு ஷூக்களையும் விரித்து டிரம்மின் உட்புறத்தில் அழுத்துகிறது. முன் சக்கரத்தில் காலிப்பர் இரண்டு பேட்களால் டிஸ்க்கை இடுக்கிப் பிடிக்கிறது. எண்ணெய் போன்ற திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது என்பதால்தான் காலின் அழுத்தம் சிந்தாமல் சிதறாமல் சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது. காற்றைச் சுருக்க முடியும். குழாயில் காற்று புகுந்துவிட்டால் நமது மிதி அந்தக் காற்றைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும்.

லாரியில் காற்றுதானே பிரேக் பிடிக்கிறது, சின்ன வண்டியில் காற்று இருந்தால் மட்டும் ஏன் கெடுதல் என்று கேட்பவர்கள் உண்டு. லாரியில் கம்ப்ரசர் வைத்து, தொட்டியில் காற்றை ஏற்கெனவே அழுத்தி வைத்திருக்கிறார்கள். அதைத் திறந்துவிடுவது மட்டுமே பெடலின் வேலை. அந்த ஏற்பாடு வேறு. இங்கே சொல்வதெல்லாம் ஆயில் பிரேக் வண்டிகளுக்கு மட்டுமே பொருந்தும்.

இனி காலிப்பருக்கு வருவோம். வியாதியின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. இந்த வண்டிகளில் பொதுவாக உள்ள காலிப்பரில் உட்புறத்தில் மட்டும் பிஸ்டன் இருக்கும், வெளிப்புறத்தில் கிடையாது. மிதித்ததும் பிஸ்டன் உள் பேட்டைத் தள்ளி டிஸ்க்கில் அழுத்துகிறது. டிஸ்க் இடம் கொடுக்காததால், அந்தத் தள்ளலின் எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் உட்பக்கமாக நகர்ந்து வெளிப் பேட்டையும் டிஸ்க்கோடு இழுத்து அழுத்துகிறது. இப்படி நகர்வதற்காக இரண்டு வழுக்குப் பின்கள் இருக்கின்றன. விரல் நீளமுள்ள இரண்டு இரும்புக் கம்பிகள், அவற்றின் மேல் ரப்பர் உறை, உள்ளே கொஞ்சம் கிரீஸ். அவ்வளவுதான். தராசு முள் துருப்பிடித்து நின்றுவிட்டால் இரண்டு தட்டிலும் என்ன வைத்து என்ன பயன்? அதே போல, இந்தப் பின்கள் துருவேறி நின்றுவிட்டால் காலிப்பர் நகராது. உள் பேட் மட்டும் முழு வேலையையும் செய்யும், செய்து தேயும்.

ரப்பர் உறை கிழிந்தால் தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும். மீன் பெட்டி, ஈரக் காய்கறி மூட்டை, உப்பு மூட்டை ஏற்றும் வண்டிகளில் இந்தத் துரு மற்ற வண்டிகளைவிட வெகு சீக்கிரம் பிடிக்கும். கடற்கரை ஊர் வியாபாரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடையின் ஷட்டரையே துரு என்ன பாடுபடுத்துகிறது என்று அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே பேட் மாற்றும்போது நமது முதல் வேலை, கழற்றிய நான்கு பழைய பேட்களையும் குப்பையில் போடவிடாமல் கையில் வாங்குவது. எது எந்தச் சக்கரம், எது உள், எது வெளி என்று சாக்கட்டியால் எழுதித் தரச் சொல்ல வேண்டும். பிறகு அவற்றை மேசையில் வரிசையாக வைத்துப் பாருங்கள். வண்டி எப்படி ஓடியது என்பதற்கு அவை சாட்சி. டிரைவரும் மெக்கானிக்கும் ஆளுக்கொரு காரணம் சொல்லலாம். தேய்ந்த லைனிங் ஒரே காரணத்தைத்தான் சொல்லும்.

உள் பேட் நன்றாகத் தேய்ந்து, வெளிப் பேட் தடிமனாக இருந்தால் மேலே சொன்னபடி பின்கள் இறுகிவிட்டன, அல்லது பிஸ்டன் முன்னால் வந்தபின் திரும்பிப் போக மறுக்கிறது. பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் உண்டு. மிதிக்கும்போது அது சற்றே வளைந்து கொடுத்து, காலை எடுத்ததும் நிமிர்ந்து பிஸ்டனை நூலளவு பின்னுக்கு இழுக்கும். வயதான வளையம் இறுகிப்போய் இந்த வேலையைச் செய்யாது. பிஸ்டனில் துரு இருந்தாலும் இதே கதிதான். அப்போது உள் பேட் எந்நேரமும் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். டீசல் வீணாகும், சக்கரம் சுடும். வெளிப் பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால், பிடிக்கும்போது நகர்ந்த காலிப்பர், விட்டபின் திரும்பி வராமல் பின்களில் சிக்கி நிற்கிறது என்று பொருள்.

ஒரே பேட்டில் ஒரு முனை தடிமனாகவும் மறுமுனை மெல்லியதாகவும், ஆப்பு போலச் சரிவாகத் தேய்ந்திருந்தால், இரண்டு பின்களில் ஒன்று இறுகி மற்றொன்று நகர்கிறது. காலிப்பர் கோணலாக நின்று பிடிக்கிறது. பேட் உட்காரும் தாங்கியில் துருவும் அழுக்கும் ஏறிப் பேட் நகர முடியாமல் போனாலும் இப்படி ஆகும். நம்மில் பலர் கவனிக்காத விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஆப்பு போலத் தேய்ந்த பேட்டை மிதித்து அழுத்தும்போது முதலில் ஒரு முனை மட்டும் டிஸ்க்கைத் தொடுகிறது. பிறகு காலிப்பர் வளைந்து கொடுத்து மறுமுனையும் படிய வேண்டும். அந்த வளைவுக்குச் செலவாகும் மிதியைத்தான் நமது கால் 'பஞ்சு' என்று உணர்கிறது. குழாயில் ஒரு குமிழி காற்றுகூட இல்லாமல் பெடல் பஞ்சாக இருக்க முடியும். இத்தகைய வண்டியில் எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பெடல் நிமிராது. புதுப் பேட் போட்டால் அது தட்டையாக இருக்கும் வரை சில வாரம் நிமிர்ந்து நிற்கும். அதுவும் ஆப்பானதும் மறுபடி அமுங்கும். 'ஒரு மாதம் நன்றாக இருந்தது' என்பதன் ரகசியம் அநேகமாக இதுதான்.

இடது சக்கரப் பேட்கள் இரண்டும் தேய்ந்து, வலது சக்கரப் பேட்கள் இரண்டும் தேயாமல் இருந்தால், பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று டிரைவரைக் கேளுங்கள். தேயாத பக்கத்துக் காலிப்பர் வேலையே செய்யாமல் இருக்கலாம். அல்லது தேய்ந்த பக்கத்து ரப்பர் ஹோஸ் உள்ளே நைந்து அடைத்துக்கொண்டிருக்கலாம். இந்த ஹோஸ் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். மிதிக்கும் வேகத்தில் ஆயில் உள்ளே போய்விடும்; காலை எடுத்தபின் திரும்பி வர வழி இருக்காது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பிரேக்கை மிதித்து விட்டபின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுற்றிப் பார்க்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் காலிப்பரில் உள்ள நிப்பிளைக் கொஞ்சம் திறக்க வேண்டும். ஆயில் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால் குற்றம் ஹோஸில் அல்லது அதற்கு முன்னால்; விடுபடாவிட்டால் குற்றம் காலிப்பரில்.

நான்கு பேட்களும் ஒரே சீராக, ஆனால் மிக வேகமாகத் தேய்ந்திருந்தால் முன் பிரேக்கில் குற்றம் தேட வேண்டாம். பின் பிரேக் வேலை செய்யவில்லை. அதன் பங்கையும் முன்பக்கமே சுமக்கிறது.

பின்பக்கம் நாம் கண்ணால் பார்க்காத பகுதி என்பதால் ஒர்க்‌ஷாப்பிலும் அதைப் பெரும்பாலும் திறப்பதில்லை. ஷூ தேயத் தேய டிரம்முக்கும் ஷூவுக்கும் இடைவெளி கூடும். அதைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் துருப்பிடித்து நின்றிருக்கும். பெடலின் முதல் மிதி அந்த இடைவெளியைக் கடப்பதிலேயே தீர்ந்துவிடும். இரண்டாவது மிதியில்தான் பிடிக்கும். இதைக் காற்று என்று நினைத்துப் பலர் ஏர் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். பிரித்தறிய ஒரு வழி: வண்டியைச் சமதளத்தில் நிறுத்திக் கை பிரேக்கை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொண்டு பெடலை மிதியுங்கள். பெடல் உடனே மேலேயே நின்றுவிட்டால் குற்றம் பின் ஷூ இடைவெளியில்தான். கை பிரேக் இழுத்தும் அதே பஞ்சாக இருந்தால் காற்று, ஹோஸ், காலிப்பர் என்று தேட வேண்டும்.

கடைவாசலிலேயே செய்யக்கூடிய சோதனைகள் இன்னும் இரண்டு உண்டு. பெடலைச் சீராக அழுத்தி அரை நிமிடம் அப்படியே வைத்திருங்கள். கால் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால், எங்கோ ஆயில் கசிகிறது. வெளியே ஈரமே இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் வாஷர் தேய்ந்து ஆயில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நழுவுகிறது. இது மிக ஆபத்தான நிலை. அன்றைக்கே வண்டியை நிறுத்திவிட வேண்டும், சரக்கு எவ்வளவு அவசரமானாலும் சரி. அடுத்தது, பூஸ்டர் உள்ள வண்டிகளுக்கு: இன்ஜினை அணைத்து நாலைந்து முறை பெடலை மிதித்துப் பின் அழுத்திப் பிடித்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் நல்ல நிலையில் இருக்கிறது. இந்த இறக்கத்தைக் கண்டு பயப்பட வேண்டாம்.

பிரேக் ஆயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் உப்பு மூட்டை நீர்விட்டு வடிவதை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். மூடி வைத்த மூட்டைக்குள் தண்ணீர் எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்து உப்பு அதை இழுத்துக்கொள்கிறது. நமது வண்டிகளில் ஊற்றும் டாட்-3, டாட்-4 பிரேக் ஆயிலுக்கும் அதே குணம். தொட்டியின் மூடி வழியாகவும் ரப்பர் ஹோஸ்கள் வழியாகவும் அது ஆண்டு முழுவதும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். புதிய டாட்-3 ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, டாட்-4 ஆயில் 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர நிர்ணயம். ஏறத்தாழ 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த நிலையில் இந்த எல்லை டாட்-3க்கு 140 டிகிரியாகவும், டாட்-4க்கு 155 டிகிரியாகவும் இறங்கிவிடுகிறது. நூற்றுக்கு நான்கு பங்குகூட இல்லாத தண்ணீர், 65 முதல் 75 டிகிரியைத் தின்றுவிடுகிறது.

இதன் விளைவு மலையில் தெரியும். நீலகிரியிலிருந்து காய்கறி இறக்கும் வண்டியை எடுத்துக்கொள்வோம். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வருவதற்குள் வண்டி சுமார் 1,500 மீட்டர் உயரம் இறங்குகிறது. சரக்கோடு ஒன்றரை டன் உள்ள ஒரு வண்டி அத்தனை உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 6 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி ஆறு மணி நேரம் எரிவதற்கு ஆகும் கரண்ட் அது. அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். கியரைக் குறைத்து ஓட்டினால் இன்ஜினும் ஒரு நல்ல பங்கைத் தாங்கிக்கொள்ளும். டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டு இறக்கினால் மீதி முழுவதும் முன் சக்கர டிஸ்க்குகளிலும் பின் டிரம்களிலும் சூடாக வந்து சேரும். ஈரம் ஏறிய ஆயில் காலிப்பருக்குள் கொதித்து ஆவியாகிறது. ஆவி காற்றைப் போலவே சுருங்கக் கூடியது. பெடல் தரை வரை போய்விடும்.

கீழே வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் பார்த்தால் ஆயில் ஆறியிருக்கும். பெடல் பழையபடி நிமிர்ந்திருக்கும். மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் 'ஒன்றும் குறையில்லையே' என்பார்கள். டிரைவர் சும்மா சொல்கிறார் என்று நாமும் நினைத்துவிடுகிறோம். டிரைவர் சொல்வதை நம்ப வேண்டிய இடம் இது. வேறொரு வித்தியாசத்தையும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெடல் கல்லைப் போல இறுகி நின்றும் வண்டி நிற்கவில்லை என்றால், கொதித்தது ஆயில் அல்ல. லைனிங் சூடேறி வழுக்கியிருக்கிறது, அல்லது பூஸ்டர் போய்விட்டது. பெடல் தரைக்குப் போயிற்று என்றால் ஆயிலைத்தான் சந்தேகிக்க வேண்டும். 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம், 70 வளைவுகள் கொண்ட கொல்லிமலை போன்ற பாதைகளில் சரக்கு ஏற்றி இறக்குபவர்கள் ஆயிலை ஆண்டுக்கு ஒரு முறையே மாற்றிவிடுவது நல்லது என்பது நமது கருத்து. சமவெளியில் மட்டும் ஓடும் வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை போதும். அரை லிட்டர் ஆயிலின் விலை ஒரு சிப்பம் அரிசி விலையில் பாதிகூட ஆகாது.

மாற்றுவது என்றால் தொட்டியில் குறைந்ததை ஊற்றி நிரப்புவது அல்ல. பழையது முழுவதும் வெளியேறிப் புதியது நான்கு நிப்பிளிலும் தெளிவாக வரும் வரை விட வேண்டும். திறந்து வைத்துப் பல மாதம் ஆன டப்பா வேண்டாம். சீல் உடையாத புது டப்பாவை நம் கண் முன்னால் திறக்கச் சொல்ல வேண்டும். போலிச் சரக்கு எப்படி இருக்கும் என்பதை வியாபாரிகளாகிய நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. எந்த எண் ஆயில் என்பது தொட்டியின் மூடியிலேயே எழுதியிருக்கும். வழியில் அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலையோ ஸ்டீயரிங் ஆயிலையோ யாராவது ஊற்றியிருந்தால் உள்ளிருக்கும் ரப்பர் எல்லாம் ஊறிப் பெருத்துவிடும். தொட்டி மூடியின் உள்ளே இருக்கும் ரப்பரைத் தொட்டுப் பாருங்கள். உப்பி, கொழகொழவென்று இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. அப்போது குழாய்களைக் கழுவி, ரப்பர் பாகங்கள், ஹோஸ்கள் அனைத்தையும் மாற்றியாக வேண்டும். குறுக்கு வழி இல்லை.

ஆயில் மட்டம் தானாகக் குறைந்தாலும் உடனே ஊற்றிவிடக் கூடாது. பேட் தேயும்போது பிஸ்டன் முன்னால் வரும்; அந்த இடத்தை ஆயில் நிரப்பும்; மட்டம் மெதுவாக இறங்கும். இது இயல்பு. பேட்டைப் பார்க்காமல் ஊற்றி நிரப்பினால், புதுப் பேட் போடுவதற்காகப் பிஸ்டனைப் பின்னால் தள்ளும்போது ஆயில் வழிந்து பெயின்டை அரித்துவிடும். திடீரென்று குறைந்தால் அது கசிவு. பின் டயரின் உட்பக்கத்தில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். வீல் சிலிண்டர் கசிந்து ஷூ நனைந்திருக்கலாம்.

ஏர் எடுக்கும்போது நடக்கும் தவறுகளில் மூன்றை மட்டும் குறிப்பிடுகிறோம். முதலாவது, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமாக உள்ள சக்கரத்தில் ஆரம்பித்துப் பக்கத்துச் சக்கரத்தில் முடிப்பதே பொதுவான முறை. வலப்பக்க ஸ்டீயரிங் உள்ள நமது வண்டிகளில் அது பின் இடது சக்கரம். கம்பெனிப் புத்தகம் வேறு வரிசை சொன்னால் புத்தகத்தையே பின்பற்ற வேண்டும். இரண்டாவது, பழைய வண்டியில் பெடலைத் தரை வரை மிதித்து ஏர் எடுக்கக் கூடாது. மாஸ்டர் சிலிண்டரில் பல ஆண்டுகளாகப் பிஸ்டன் போகாத அடிப்பகுதியில் துரு இருக்கும். அங்கே போனால் வாஷர் கிழியும். வண்டியை ஏர் எடுக்க விட்டால் மாஸ்டர் சிலிண்டரும் போய்விட்டது என்று சொல்கிறார்களே, அதில் பாதி இப்படி வருவது. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் போதும். மூன்றாவது, காலிப்பரைக் கழற்றி மாட்டியபின் நிப்பிள் மேல்பக்கமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடது காலிப்பரை வலப்பக்கம் மாட்டிவிட்டால் நிப்பிள் கீழே வந்துவிடும். மேலே தங்கிய காற்று எத்தனை முறை திறந்தாலும் வெளியே வராது. இது கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் நடக்கிறது.

சுமை விஷயத்தில் நாமே செய்துகொள்ளும் கெடுதல் ஒன்று இருக்கிறது. சில பிக்கப் வண்டிகளில் பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு வால்வு வைத்திருக்கிறார்கள். லோடு ஏறிப் பாடி கீழே இறங்கினால் அதன் கம்பி அசைந்து பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் கொடுக்கும். வெறும் வண்டியில் குறைத்துக்கொள்ளும். கூடுதல் மூட்டை ஏற்றுவதற்காகப் பின்னால் எக்ஸ்ட்ரா பட்டை போட்டுவிடுகிறோம். பாடி இறங்குவதில்லை. வண்டி காலியாக இருக்கிறது என்று வால்வு நினைத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைவாகவே பிடிக்கிறது. கூடுதல் சுமை ஏற்றினால் வண்டியை நிறுத்துவதற்கு அதற்கேற்பக் கூடுதல் சக்தியை பிரேக் தாங்க வேண்டும்; அதை முழுவதும் முன் பேட்கள் தலையில் கட்டுகிறோம். பட்டை போட்ட வண்டியில் முன் பேட் மூன்று மாதத்தில் தேய்கிறதென்று பேட் கம்பெனியைத் திட்டுவதில் நியாயமில்லை.

பேட் மாற்றும் வேலையை ஒப்புக்கொள்ளும்போதே ஒர்க்‌ஷாப்பில் இவற்றைச் சொல்லிவிட வேண்டும்: பின்கள் இரண்டையும் கழற்றித் துடைத்து, துரு அரித்திருந்தால் புதியது போட்டு, ரப்பர் உறையை மாற்றி, பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸைத் தடவ வேண்டும். சாதாரண வீல் கிரீஸ் ரப்பரை ஊறச் செய்து சில மாதத்தில் பின்னை மறுபடி இறுக்கிவிடும். பிஸ்டனைப் பின்னால் தள்ளும்போது நிப்பிளைத் திறந்து அழுக்கு ஆயிலை வெளியே விட வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்குத் திருப்பி அனுப்பக் கூடாது. லைனிங் 3 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால், அதாவது ஒரு ரூபாய் நாணயம் இரண்டை அடுக்கிய தடிமன் அளவுக்கு வந்துவிட்டால், மாற்றிவிடுவதே நல்லது. ஒரு சக்கரத்தில் மட்டும் தேய்ந்திருந்தாலும் முன் இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போன டிஸ்க்கைக் கடைசல் பிடித்துப் பயனில்லை. பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதவிடாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத் துணியால் துடைப்பது ஒர்க்‌ஷாப் பையன்களின் நுரையீரலுக்கு நல்லது.

செலவு அதிகமாகிறதே என்று தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவு, பழுதுள்ள வண்டியை ஓட்டுபவரை மட்டும் குறிப்பிடவில்லை. ஓட்டச் சொன்னவரையும் ஓட்ட அனுமதித்தவரையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. பழுது தனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பவும் முடியாது. சாதாரணக் கவனத்தில் கண்டுபிடித்திருக்கக் கூடிய பழுது என்றாலே பொறுப்பு வந்துவிடும். அந்தப் பழுதால் விபத்து நேர்ந்து யாருக்காவது காயமோ பொருட்சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் அதில் இடம் உண்டு. டிரைவர் இரண்டு முறை சொன்னார், நாம் 'இந்த லோடு போய்வரட்டும்' என்றோம் என்றால், அந்தப் பேச்சே நமக்கு எதிரான சாட்சியாகிவிடும். வண்டியில் போவது டிரைவர் மட்டுமல்ல. மூட்டை தூக்கும் பையனும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

டிரைவர்களிடமும் ஒரு விஷயத்தைச் சொல்லி வைக்க வேண்டும். ஓடும்போது பெடல் தரைக்குப் போய்விட்டால் பதறி இன்ஜினை அணைத்துவிடக் கூடாது. பூஸ்டரின் உதவி போய்விடலாம். பெடலை வேகமாகத் திரும்பத் திரும்ப மிதிக்க வேண்டும்; பல சமயம் மூன்றாவது, நான்காவது மிதியில் கொஞ்சம் பிடிப்பு கிடைக்கும். கியரை ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும். கை பிரேக்கை ஒரேயடியாக இழுக்காமல், பொத்தானை அழுத்திப் பிடித்தபடி சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றிவிடும்.

வேலை முடிந்து வண்டி வந்ததும் அன்றைக்கே முழு லோடு ஏற்றி அனுப்ப வேண்டாம். புதுப் பேட் டிஸ்க்கோடு படிந்து முழுப் பிடிப்பு வருவதற்கு 200, 300 கிலோமீட்டர் ஓட வேண்டும். அதுவரை பாதி லோடு, மிதமான வேகம், திடீர் பிரேக் கூடாது. பிறகு ஒரு நாள், உள்ளூர் லைன் முடித்து வண்டி கடைக்குத் திரும்பியதும் இறங்கி, முன் சக்கரங்கள் இரண்டின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சுட்டுவிடும், தொட வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே அளவு சூடாக இருந்தால் காலிப்பர்கள் இரண்டும் ஒன்றுபோல் வேலை செய்கின்றன. ஒன்று கொதித்து மற்றொன்று ஆறிக் கிடந்தால், பில்லைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டியை மறுபடியும் அதே ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள்.